கூஸ் வாத்துக் குஞ்சு தூங்கிக்கொண்டே இருக்கிறதே?

கேள்வி: பொரித்து இரண்டு நாளான கூஸ் வாத்துக் குஞ்சுகள் நான்கு மொட்டைமாடி அறையில் இருக்கின்றன. ஒன்று சாப்பிட்டதும் தூங்கிவிடுகிறது. நோயா, டாக்டர்?
– வாசகி, பெரம்பூர்

பதில்: பயப்படாதீர்கள் அம்மா, இந்த வயதில் அதிகம் தூங்கத்தான் செய்யும். தொட்டதும் தலை தூக்கி, எழுந்து நடந்தால் நலம். கண் மங்கி, கழுத்து தொங்கி, தொப்புள் ஈரமாகவோ சிவந்தோ இருந்தால் உடனே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள்.

முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் போதும். சென்னை மே மாதத்து மொட்டைமாடியில் பகலில் பல்பு எதற்கு? வாயைத் திறந்து மூச்சிரைத்து ஒதுங்கினால் சூடு அதிகம். ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கத்தினால் குளிர்.

தரையில் செய்தித்தாள் வேண்டாம், எங்கள் இதழும் வேண்டாம்! வழுக்கிக் கால்கள் விரிந்துபோகும், சாக்கு விரியுங்கள். தண்ணீர் மூக்கு முங்கும் ஆழத்தில் இருக்கட்டும், உள்ளே இறங்க முடியாத பாத்திரத்தில். கோழிக்குஞ்சுத் தீவனத்தில் இவற்றுக்குத் தேவையான நியாசின் என்ற பி3 வைட்டமின் போதாமல் கால் வளையலாம். நியாசின் உள்ள ஈஸ்ட் தூளான ப்ரூவர்ஸ் ஈஸ்ட் கலந்து கொடுங்கள். முட்டைக்கோழித் தீவனம் கூடவே கூடாது.