மார்பிள் எலும்பு நோயால் குழந்தைக்குப் பார்வை மங்குகிறது. கண் நரம்புக்கு ஆபரேஷன் செய்தால் பார்வை திரும்புமா?

போன பார்வை திரும்பும் என்று நம்பிப் போகாதீர்கள். அப்படித் திரும்புவது அபூர்வம். மிச்சம் இருப்பதைக் காப்பாற்றத்தான் அந்த ஆபரேஷன். நான் டாக்டர் இல்லை, ஆஸ்டியோபெட்ரோசிஸ் (மார்பிள் எலும்பு நோயின் மருத்துவப் பெயர்) வந்த பிள்ளையின் அப்பா. "இணையத்தில் வைத்தியம் சொல்லாதே" என்று சண்டைக்கு வருபவர்கள் முழுதும் படித்துவிட்டு வரட்டும்.

உங்கள் வீட்டிலும் இப்படித்தான் தொடங்கியிருக்கும். மகன் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, கண் ஓரிடத்தில் நிற்காமல் அலைந்தது. "சில பிள்ளைக்கு லேட்டாத்தான் வரும்" என்றார்கள் பெரியவர்கள். சளிக்கு எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேயில் எலும்பெல்லாம் வெள்ளை வெளேரென்று தெரிந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. ரத்தசோகை, மண்ணீரல் வீக்கம் எல்லாம் பின்னாலேயே வந்தன.

பழைய எலும்பைக் கரைக்கும் செல்கள் இந்த நோயில் வேலை செய்வதில்லை. அதனால் கண் நரம்பு மண்டையோட்டுக்குள் நுழையும் துவாரம் குறுகி, நரம்பை நெரிக்கிறது. இது புரியாமல் "பிரண்டைத் துவையல் கொடு, எலும்பு தேறும்" என்று சொன்ன சொந்தக்காரர்கள் எத்தனை பேர்! அதே ஆட்களை பிளேட்லெட் கொடுக்கக் கூப்பிட்டால் ஒருவருக்கும் லீவு கிடைக்கவில்லை. முகம் தெரியாத காலேஜ் பையன்கள்தான் பைக்கில் வந்து கொடுத்தார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆபரேஷனுக்கு முன் விஇபி, ஈஆர்ஜி என்று இரண்டு பரிசோதனை செய்தார்கள். முதலாவது, கண்ணில் பட்ட வெளிச்சம் மூளை வரை போகிறதா என்று காட்டும். இரண்டாவது விழித்திரையைப் பார்க்கும். இந்த நோயின் சில வகைகளில் விழித்திரையே கெட்டுவிடும், அப்போது துவாரத்தை அகலப்படுத்திப் பயனில்லை. என் மகனுக்கு இடது கண்ணில் நரம்பு வெளுத்துப் போயிருந்தது. வலதில் கொஞ்சம் மிச்சம். அதனால் வலதுக்கு மட்டும் செய்தார்கள். நெற்றிப் பக்கம் மண்டையோட்டைத் திறந்து, துவாரத்தின் மேல்கூரையை டிரில்லால் தேய்த்து எடுத்தார்கள். பிளேட்லெட் குறைவு, மூக்குப் பாதையும் குறுகல் என்பதால் மயக்க டாக்டர்தான் அதிகம் பயந்தார். எல்லா டாக்டர்களும் இந்த ஆபரேஷனுக்குச் சம்மதிப்பதில்லை என்பதும் உண்மை, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அத்தோடு நிறுத்தினால் எலும்பு மறுபடி வளர்ந்து நெரிக்கலாம். எலும்பைக் கரைக்கும் செல்கள் ரத்த ஸ்டெம் செல்லிலிருந்து பிறப்பவை, அதனால் மூல வைத்தியம் எலும்பு மஜ்ஜை மாற்றுதான். அவன் அக்காவின் மஜ்ஜை பொருந்தியது. அதன் பிறகு எலும்பு கரையத் தொடங்கி ரத்தத்தில் கால்சியம் ஏறியது, அதற்குத் தனி வைத்தியம் நடந்தது. இன்று வலது கண்ணால் பெரிய எழுத்தை முகத்தருகே வைத்துப் படிக்கிறான்.

குழந்தையின் வயதை நீங்கள் எழுதவில்லை. கைக்குழந்தை என்றால் மஜ்ஜை மாற்றும் நியூரோசர்ஜரியும் ஒரே கூரையின் கீழ் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு இந்த வாரமே போங்கள். மரபணுப் பரிசோதனையும் கேளுங்கள், மஜ்ஜை மாற்று பலன் தராத வகையும் ஒன்று உண்டு. எங்களைப் போல நீங்களும் மாமன் மகள், அத்தை மகன் என்றால் அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே அந்த ரிப்போர்ட் கையில் இருக்கட்டும், அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வரும் வகை என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் இந்த நோய் வர 25 சதவீத வாய்ப்பு உண்டு.