புளோக்குக்குக் கீழே உறங்கும் மாமா

கேள்வி: என் தாய்மாமாவுக்கு 59 வயது. மணமுறிவுக்குப் பிறகு வீட்டை விற்று 14 மாதம் ஆகிறது. வாடகைக்கு எடுத்த அறையிலிருந்து திடீரென்று காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இப்போது துப்புரவு வேலை முடிந்ததும் ஓர் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் அட்டை விரித்துப் படுக்கிறார். எங்கள் மூவறை வீட்டில் மாமியாரும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவரைச் சேர்த்துக்கொள்ள முடியவில்லை. யாரிடமாவது சொன்னால் பிடித்துப்போய் ‘ஹோமில்’ போட்டுவிடுவார்கள் என்று பயப்படுகிறார். காப்பகத்தில் சேர்த்தால் போதுமா? வாடகை வீடு கிடைக்குமா?
– ஈசூன் வாசகி, சிங்கப்பூர்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

மாமாவின் பயம் சும்மா வந்ததல்ல. 1989ஆம் ஆண்டு ஆதரவற்றோர் சட்டத்தின்படி, பொது இடத்தில் பிச்சை எடுப்பவரையும் பிழைக்க வழியோ தங்க இடமோ இன்றித் திரிபவரையும் நல்வாழ்வு இல்லத்துக்கு அனுப்பலாம். மூத்தவர்கள் ‘ஹோம்’ என்று சொல்வது அதைத்தான். ஆனால் மாமா தினமும் வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்குபவர். அவருக்கான வழி வேறு. அதில் அவராக விரும்பித்தான் சேர வேண்டும். லீ குவான் இயூ பொதுக் கொள்கைப் பள்ளி 2019இல் வெளியிட்ட ஆய்வில், வெளியில் படுத்தவர்களைப் பேட்டி கண்டபோது பத்தில் ஆறு பேர் வேலை பார்ப்பவர்களாக இருந்தார்கள். இதை அவரிடம் சொல்லுங்கள். தனக்கு மட்டும் நேர்ந்த அவமானம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கக்கூடும்.

காப்பகம் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது இரண்டு வகை. ஒன்று இரவில் மட்டும் தங்கும் இடம். தேவாலயங்கள், பள்ளிவாசல்கள், சமூக அமைப்புகள் தங்கள் இடத்தை இரவில் திறந்துவிடும். மாலையில் போய்ப் படுத்துக் காலையில் கிளம்பிவிட வேண்டும். சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு 2019இல் அமைத்த கூட்டமைப்பின்கீழ் இவை இயங்குகின்றன. மற்றொன்று இடைக்காலத் தங்குமிடம். அங்கே ஒரு சமூக ஊழியர் பொறுப்பேற்று, வீட்டு விண்ணப்பம், கடன், உடல்நலம் எல்லாவற்றையும் சேர்த்துக் கவனிப்பார். நேரே போய்க் கதவைத் தட்டிச் சேர முடியாது, பரிந்துரை வேண்டும். மாமாவுக்குத் தேவை இரண்டாவது. முதலாவது, அது கிடைக்கும்வரை முதுகு சாய்க்க.

சேர்த்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. 2019இல் தெருவில் 921 முதல் 1,050 பேர் வரை இருப்பதாக அந்த ஆய்வு கணக்கிட்டது. கொவிட் காலத்தில் இரவு இடங்கள் பெருகின. 2021இல் மறுபடி எண்ணியபோது தெருவில் 616 பேர், தற்காலிகத் தங்குமிடங்களில் 420 பேர். கூட்டினால் 1,036. தெருவில் படுப்பவர்கள் குறைந்தது உண்மை, அது பெரிய காரியம். ஆனால் வீடில்லாதோர் எண்ணிக்கை குறையவில்லை. அதனால் மாமா உள்ளே போகும் நாளிலேயே, வெளியே போவது எந்த வீட்டுக்கு என்ற வேலையும் தொடங்கியாக வேண்டும்.

வாடகை வீட்டில்தான் சிக்கல் அதிகம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வாடகை வீட்டுக்குக் குடும்பத்தின் மாத வருமானம் பொதுவாக 1,500 வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்) இருக்க வேண்டும். ஆனால் முழுநேரத் துப்புரவாளரின் அடிப்படைச் சம்பளமே இப்போது அதைத் தாண்டிவிட்டது. வரம்பைப் பார்த்துவிட்டு, “எனக்குக் கிடைக்காது” என்று விண்ணப்பிக்காமலே இருப்பவர்கள் பலர். வீவக ஒவ்வொருவர் நிலைமையையும் தனித்தனியே பார்ப்பதால், சமூக ஊழியரின் அறிக்கையை இணைத்து விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அடுத்த தடை, வீட்டை விற்றவர் 30 மாதம் காத்திருக்க வேண்டும் என்ற விதி. மாமாவுக்கு இன்னும் 16 மாதம் பாக்கி. நீதிமன்ற உத்தரவால் விற்க நேர்ந்திருந்தால் அந்த உத்தரவின் நகலோடு முறையிடலாம். நிராகரிப்புக் கடிதம் வந்தால் கிழித்துப் போடாமல், அதையே எடுத்துக்கொண்டு உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குப் போங்கள்.

வாடகை மாதம் 26 வெள்ளியிலிருந்து 275 வெள்ளிவரை. இந்த வரம்புக்குள், முன்பு வீட்டு மானியம் பெற்றவருக்கு வாடகை கூடுதல். தனி ஆள் என்றால் இன்னொருவரோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். ஓரறை வீட்டில் முன்பின் தெரியாத இருவர்! ஒருவர் விடியற்காலை வேலைக்கு எழுவார், மற்றவர் நள்ளிரவுவரை தொலைக்காட்சி பார்ப்பார். புகை, சாமி படம், விளக்கு என்று எதிலும் சண்டை வரலாம். வாடகை வீடு இருந்தும் புளோக்குக்குக் கீழே படுப்பவர்களில் சிலர் இப்படி வெளியேறியவர்கள்தான். அதனால், கூட்டாளியைத் தானே தேடாமல் விண்ணப்பிக்கும் திட்டத்தைக் கேளுங்கள். 2021இல் தொடங்கியது. நடத்தும் அமைப்பே ஆள் பார்த்துச் சேர்க்கும், தகராறு வந்தால் பேசித் தீர்க்கும். வேலை நேரம், புகைப் பழக்கம், குறட்டை எதையும் மறைக்காமல் அவர்களிடம் சொல்லிவிட வேண்டும்.

காத்திருக்கும் மாதங்களுக்கு மத்திய சேமநிதியைப் பாருங்கள். வீட்டுக்காக எடுத்த பணம், விற்றதும் வட்டியோடு கணக்குக்குத் திரும்பியிருக்கும். ஓய்வுக்காலக் கணக்கில் அரசு நிர்ணயித்த முழு ஓய்வுத்தொகை சேர்ந்தபின் மிஞ்சுவதை ரொக்கமாக எடுக்கலாம். அது சேராவிட்டாலும், ஏற்கெனவே எடுத்திராவிட்டால், 55 வயதிலிருந்து 5,000 வெள்ளிவரை எடுக்க வழியுண்டு. ஓர் அறைக்கான முன்பணத்துக்கு அது போதும். இம்முறை ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள். வீவக வீட்டில் அறை வாடகைக்குக் குறைந்தபட்சக் காலம் 6 மாதம். உரிமையாளர் வீவகவின் அனுமதியும் பெற்றிருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் குடியேறியவரைத்தான் இரவோடு இரவாக வெளியே அனுப்ப முடிகிறது.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: அன்பு மிகுதியில் உங்கள் முகவரியை அவர் அடையாள அட்டையில் போட்டுவிடாதீர்கள். வசிக்காத இடத்தை முகவரியாகத் தருவது குற்றம். அதோடு, பதிவில் அவருக்கு ஒரு வீடு இருப்பதாகிவிடும். உங்கள் குடும்ப வருமானமும் அவர் கணக்கில் சேர்ந்து, உதவி கேட்கும்போது குறுக்கே நிற்கும். கடிதங்கள் எங்கே வர வேண்டும் என்பதைச் சமூக ஊழியரிடம் முதல் சந்திப்பிலேயே பேசி முடிவு செய்யுங்கள்.

தொடங்க வேண்டிய இடம் வீட்டருகே உள்ள சமூக சேவை அலுவலகம் அல்லது குடும்பச் சேவை நிலையம். அரசின் காம்கேர் உதவித் திட்டத் தொலைபேசி 1800-222-0000. அடையாள அட்டை, மணமுறிவுத் தீர்ப்பு, வீடு விற்ற கணக்கு, மூன்று மாதச் சம்பளச் சீட்டு, சேமநிதி அறிக்கை, மருந்துச் சீட்டு எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். அரசு இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் கணக்கு வேலை செய்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். கைப்பேசி எண் மாறி, கடவுச்சொல் மறந்துபோய், அதனாலேயே வாரக்கணக்கில் விண்ணப்பம் நின்றுவிடுவது அடிக்கடி நடக்கிறது. கூடவே நீங்களும் போங்கள். பேசுவதை மட்டும் அவரிடம் விட்டுவிடுங்கள்.

அதற்குமுன் அவரோடு உட்கார வேண்டும். தூங்கும்போது எழுப்பாதீர்கள், படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போடாதீர்கள். வேலை முடிந்து வரும் நேரத்தில் காப்பிக்கடைக்கு அழைத்துப் போங்கள். காப்பகம் வேண்டாம் என்றால் ஏன் என்று கேளுங்கள், வாதாட வேண்டாம். இரவு வேலைக்காரருக்கு இரவில் மட்டும் திறக்கும் இடத்தால் என்ன பயன்? பை திருடுபோகும் என்ற பயமாக இருக்கலாம், தெரிந்தவர் பார்த்துவிடுவார் என்ற கூச்சமாக இருக்கலாம். காரணம் தெரிந்தால், பொருத்தமான இடத்தைப் பரிந்துரைக்கும்படி சமூக ஊழியரிடம் கேட்கலாம்.

இடமில்லை என்று எழுதியதற்காக மனம் குமைய வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் உங்கள் வீட்டில் குளித்து, துணி துவைத்து, கைப்பேசிக்குச் சார்ஜ் போட்டு, ஒருவேளை சாப்பிட்டுப் போகட்டும். முக்கியத் தாள்களையும் மருந்தையும் உங்கள் அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள். மழையில் நனைந்துபோன மணமுறிவுத் தீர்ப்புக்கு மறுநகல் வாங்க அலைவது, வேலைக்குப் போகும் மனிதருக்குப் பெரிய பாடு.