தொண்டர் தீயணைப்பாளர் வரிச்சலுகை: 200 மணித்தியாலக் கணக்கும் பயிற்சியும்

கனடாவின் சிறு நகரங்களிலும் கிராமங்களிலும் தீயணைப்பு நிலையத்தை நடத்துவது பெரும்பாலும் தொண்டர்கள்தான். பகலில் வேறு வேலை, இடுப்பில் பேஜர். வருடத்தில் குறைந்தது 200 மணித்தியாலம் சேவை செய்யும் இவர்களுக்கென்று 2011 முதல் மத்திய வருமான வரியில் ஒரு சலுகை இருக்கிறது. அதைப் பற்றியும் பயிற்சியைப் பற்றியும் வந்த கேள்விகள் இங்கே.

கேள்வி: அண்ணா, 6,000 டொலர் கிடைக்கும் என்று சொல்கிறார்களே, அது கையில் வரும் காசா?

இல்லை. 6,000 என்பது சலுகையைக் கணக்கிடும் அடித்தொகை. அதை ஆகக் குறைந்த மத்திய வரி வீதத்தால் பெருக்கி வருவதுதான் உங்கள் வரியில் குறையும். 2024-இல் வீதம் 15%, ஆகவே 900 டொலர். 2025-இல் 14.5%, 870 டொலர். 2026-இல் 14%, 840 டொலர். 2023 வரை அடித்தொகையே 3,000 தான்; அப்போது கிடைத்தது 450.

கட்ட வேண்டிய வரியைக் குறைக்குமே தவிர, வரியே இல்லாதவருக்கு இது காசாகத் திரும்பி வராது. மிஞ்சியதை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது, மனைவிக்கோ கணவருக்கோ மாற்றிக் கொடுக்கவும் முடியாது. இருவருமே தொண்டர்கள் என்றால் இருவரும் தனித்தனியே கோரலாம். வரிப் படிவத்தில் 31220 என்று இலக்கமிட்ட வரிசையில் இதைக் கோர வேண்டும்.

கேள்வி: 200 மணித்தியாலத்துக்கு எதையெல்லாம் எண்ணலாம்? தீக்குப் போன நேரம் மட்டுமா?

தீக்குப் போன நேரம் மட்டும் என்றால் அமைதியான ஊரில் ஒருவரும் 200-ஐத் தொட மாட்டார்கள். முதன்மைச் சேவை என்று மூன்றைச் சொல்கிறார்கள்: அழைப்புக்குப் போவதும் அழைப்புக்காகத் தயார்நிலையில் இருப்பதும்; தீயணைப்புப் பிரிவு கூட்டும் கூட்டங்கள்; தீத்தடுப்பு அல்லது தீயணைப்புக்கு அவசியமென்று பிரிவு விதித்த பயிற்சி. மற்ற வேலைகள், உதாரணமாக வாகனம் கழுவுவது, குழாய் உலர்த்திச் சுருட்டுவது, நிதி சேர்க்கும் காலை விருந்து எல்லாம், இரண்டாம் நிலைச் சேவை. அவையும் கூட்டுக்கு வரும், ஆனால் முதன்மைச் சேவையின் நேரம் அதைவிட அதிகமாக இருக்க வேண்டும்.

ஒரு வருடத்தைப் போட்டுப் பாருங்கள். செவ்வாய் இரவுப் பயிற்சி இரண்டரை மணித்தியாலம், 40 கிழமை: 100. அழைப்பு 32, சராசரி ஒன்றரை மணித்தியாலம்: 48. மாதக் கூட்டம் 12. முதன்மை 160. பராமரிப்பு 30, நிதி சேர்ப்பு 14, இரண்டாம் நிலை 44. மொத்தம் 204, தகுதி உண்டு.

இனி இன்னொருவர்: முதன்மை 95, இரண்டாம் நிலை 110. கூட்டினால் 205. ஆனாலும் தகுதி இல்லை. பழுதுபார்ப்பதில் கெட்டிக்காரர்கள், நிலையமே கதியென்று கிடப்பவர்கள், இந்தக் குழியில்தான் விழுகிறார்கள். செப்ரெம்பரிலேயே கணக்கைப் பார்த்தால் மீதி மூன்று மாதத்தில் பயிற்சி இரவுகளைத் தவறவிடாமல் சரிக்கட்டலாம். வரி தாக்கல் செய்யும் ஏப்ரலில் பார்த்துப் பயனில்லை.

தயார்நிலை நேரத்துக்கு ஒரு எச்சரிக்கை. "பேஜர் வருடம் முழுக்க என்னிடம்தான் இருந்தது, 8,760 மணித்தியாலம்" என்று எழுதிக் கொண்டுபோகாதீர்கள். முறைப்பட்டியல் போட்டு, இந்த வார இறுதிக்கு இன்னார் என்று பெயர் குறித்த நேரத்தை மட்டும் எழுதுங்கள். பட்டியலின் பிரதியையும் வைத்திருங்கள்.

கேள்வி: இதற்கு என்ன சான்று அனுப்ப வேண்டும்?

வரி தாக்கல் செய்யும்போது ஒன்றும் அனுப்பத் தேவையில்லை. ஆனால் கனடா வருவாய் முகவரகம் கேட்டால், தீயணைப்புத் தலைவரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ ஒப்பமிட்ட கடிதம் வேண்டும். வருடம், மணித்தியாலம், முதன்மை எவ்வளவு, இரண்டாம் நிலை எவ்வளவு என்று பிரித்து எழுதி வாங்குங்கள். "200-க்கு மேல் சேவை செய்தார்" என்ற ஒற்றை வரிக் கடிதம் மேலதிகக் கேள்வியைத்தான் கொண்டுவரும். தலைவர் மாறினால் பழைய பதிவேட்டைத் தேடுவது பெரும் பாடு. சனவரியிலேயே கடிதத்தை வாங்கி ஆறு வருடம் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: எனக்கு நகரசபை வருடத்துக்கு 2,600 டொலர் கொடுக்கிறது. காசு வாங்கினால் தொண்டரா? ரி4-இல் (சம்பளத்தைக் காட்டும் வரிச் சீட்டில்) 87-ஆம் பெட்டியில் 1,000 என்று இருக்கிறது, அது என்ன?

சிறு மதிப்பூதியம் வாங்குவதால் தொண்டர் தகுதி போய்விடாது. 87-ஆம் பெட்டிதான் அதிகமானோர் பிழைவிடும் இடம், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

அரசோ நகரசபையோ அவசரசேவைத் தொண்டருக்குக் கொடுக்கும் பணத்தில் முதல் 1,000 டொலருக்கு வரிவிலக்கு உண்டு. ஆகவே உங்கள் ரி4-இல் 14-ஆம் பெட்டியில் (வரிக்குரிய சம்பளம்) 1,600, 87-இல் (விலக்கு) 1,000. ஆனால் விலக்கும் 31220 சலுகையும் ஒன்றாகக் கிடையாது. சலுகையைக் கோரினால் அந்த 1,000-ஐயும் வருமானத்தில் சேர்க்க வேண்டும்: வரிப் படிவத்தில் வேலை வருமானத்துக்கான 10100-ஆம் வரிசையில் 2,600. மென்பொருள் 14-ஆம் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டால் நீங்கள்தான் திருத்த வேண்டும். இல்லாவிட்டால் பிறகு மறுமதிப்பீட்டுக் கடிதம், வட்டியுடன்.

எது லாபம்? ஒன்ராறியோவில் 70,000 டொலர் வரிக்குரிய வருமானம் உள்ளவர் 2025-இல் அந்தக் கூடுதல் 1,000-க்கு மத்திய வரி 20.5%, மாகாண வரி 9.15% கட்டுவார், ஏறக்குறைய 297. சலுகை 870. கையில் மிஞ்சுவது 573. இரண்டு பிள்ளைகளுக்குக் குழந்தைநலக் கொடுப்பனவு வாங்கும் குடும்பம் என்றால், வருமானம் 1,000 கூடியதால் அதில் குறைவும் வரும். குறைப்பு வீதம் 13.5% உள்ள படியில் 135 டொலர். அதைக் கழித்தாலும் சலுகைதான் மேல்.

மாறாக, வருட வருமானம் 14,000 மட்டுமே உள்ள மாணவருக்கு வரியே வராது. சலுகையால் அவருக்கு ஒரு சதமும் பயனில்லை. விலக்கை அப்படியே வைத்துக்கொள்வதுதான் சரி.

கேள்வி: நான் பெருநகரத்தில் முழுநேரத் தீயணைப்பாளர். வீடு இருக்கும் கிராமத்தில் தொண்டராகவும் இருக்கிறேன். கோரலாமா?

கிராமத்து மணித்தியாலங்களை எண்ணலாம். தடை இருப்பது ஒரே பிரிவில் சம்பளத்துக்கும் தொண்டராகவும் தீயணைப்பு வேலை செய்தால்தான். அப்போது அந்தப் பிரிவின் நேரம் ஒன்றும் செல்லாது. வரிக்கு வெளியே, இரட்டைத் தொப்பி விஷயத்தில் உங்கள் தொழிற்சங்கம் முகஞ்சுளிக்கலாம். அதை முதலில் கேட்டுத் தெளியுங்கள்.

கேள்வி: தேடல் மீட்புக் குழுவிலும் இருக்கிறேன், தீயணைப்பில் 130, அங்கே 90.

இரண்டையும் கூட்டலாம், 220. ஆனால் 31220 அல்லது 31240 (தேடல் மீட்புத் தொண்டருக்கான சலுகை), ஏதாவது ஒன்றைத்தான் கோரலாம். இரண்டின் தொகையும் ஒன்றே.

கேள்வி: மாகாணங்கள் வேறாக ஏதாவது தருகின்றனவா?

ஒன்ராறியோவிலும் அல்பேர்ட்டாவிலும் இல்லை. நோவா ஸ்கோஷியாவில் 500 டொலர், அதுவும் வரி இல்லாதவருக்கும் காசாக வரும் வகை. மனிற்றோபாவில் 3,000-க்கு 10.8%, அதாவது 324.

கேள்வி: ஒன்ராறியோவில் தொண்டரும் சான்றிதழ் எடுக்க வேண்டுமா அக்காவின் மகன் சொன்னபடி?

சொன்னது சரி. 343/22 என்ற ஒழுங்குவிதி 2022 யூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. முழுநேரம், பகுதிநேரம், தொண்டர் என்ற பேதம் அதில் இல்லை. பெரும்பாலான பணிகளுக்கு 2026 யூலை 1, கயிற்று மீட்பு, நீர் மீட்பு போன்ற தொழில்நுட்ப மீட்புக்கு 2028 யூலை 1 என்று கெடு வைத்தார்கள்.

எந்தச் சான்றிதழ் என்பது உங்கள் நகரசபை எந்த அளவு சேவையை வழங்குகிறது என்பதைப் பொறுத்தது. வெளியே நின்று மட்டும் நீர் அடிக்கும் பிரிவுக்கும் எரியும் வீட்டுக்குள் நுழையும் பிரிவுக்கும் ஒரே அளவு கேட்பதில்லை. உள்ளே போவோருக்கு என்.எஃப்.பி.ஏ. (அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம்) வகுத்த 1001 தரத்தில் கூடுதல் பகுதிகள் வேண்டும். பம்ப் இயக்குபவருக்கு 1002. ஆகவே பாடத்துக்குப் பதியுமுன் உங்கள் தலைவரிடம் சேவை அளவைக் கேளுங்கள். தேவையற்ற பாடத்தில் வார இறுதிகளைக் கரைக்காதீர்கள். பிரிவு விதித்த இந்தப் பயிற்சி நேரம் முதன்மைச் சேவைக் கணக்கில் ஏறும். புதிதாகச் சேர்பவர் முதல் வருடத்திலேயே 200-ஐ எட்டுவது பெரும்பாலும் இதனால்தான்.

கேள்வி: தம்பி ஐயப்பனுக்கு மாலை போட்டுத் தாடி வளர்க்கிறான். பயிற்சிக்குப் போகலாமா?

வகுப்பில் இருக்கலாம், மூச்சுக்கருவி போடும் பயிற்சிக்குப் போக முடியாது. முகமூடியின் ரப்பர் விளிம்பு கன்னத்திலும் நாடியிலும் தோலோடு ஒட்ட வேண்டும். இடையில் மயிர் இருந்தால் காற்று கசியும். முகமூடிக்குள் எப்போதும் வெளியைவிடக் கொஞ்சம் கூடுதல் அழுத்தம் இருப்பதால் புகை உடனே உள்ளே வராவிட்டாலும், சிலிண்டர் வேகமாகக் காலியாகும். (உள்ளே இருப்பது அழுத்திய சாதாரணக் காற்று, ஒட்சிசன் அல்ல.) 30 நிமிடச் சிலிண்டர் என்று எழுதியிருந்தாலும் கடும் வேலையில் 15 முதல் 20 நிமிடம்தான் வரும். புதிய கருவிகளில் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும்போது எச்சரிக்கை மணி அதிரும்; கசிவு இருந்தால் அது திரும்பி வரும் வழியைத் தின்றுவிடும். தலைவரிடம் முன்கூட்டியே சொல்லி, மாலை கழற்றும் வரை வெளிவேலை கேட்பதே நல்லது.

கேள்வி: போன வருடங்களில் கோரவே இல்லை, இனிப் போய்விட்டதா?

போகவில்லை. பத்து வருடம் பின்னோக்கித் திருத்தம் கேட்கலாம், முகவரகத்தின் இணையக் கணக்கிலேயே. ஒவ்வொரு வருடத்துக்கும் தலைவரின் கடிதம் தனியாக வேண்டும். அந்த வருடங்களில் 87-ஆம் பெட்டியை விலக்காக விட்டிருந்தால் அதே திருத்தத்தில் 10100-ஐயும் கூட்டுங்கள். இல்லையென்றால் 31220-ஐ மட்டும் ஏற்றிவிட்டு 1,000-ஐ மறந்ததாகத்தான் அவர்கள் கண்ணில் படும்.