12 மணி நேரம், வாரம் 4 நாள்: கான்ட்ராக்ட் தொழிலாளி சம்மதிக்கலாமா?

"எங்கள் ஆலையில் தினம் 12 மணி நேரம் வைத்து வாரம் 4 நாள் வேலை என்கிறார்கள். நான் கான்ட்ராக்டில் இருக்கிறேன். கையெழுத்துப் போடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நாள்கூலிக் கணக்கில் வேலை பார்ப்பவர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். மாதச் சம்பளத்தில் நிரந்தரமாக இருப்பவருக்குக் கணக்கு வேறு.

முதலில், இதில் வேலை நேரம் ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. ஆறெட்டு 48, நாலு பன்னிரண்டும் 48. ஐஸ்லாந்தில் 2015 முதல் 2019 வரை சோதித்துப் பார்த்தது 40 மணி நேர வாரத்தை 35, 36 ஆகக் குறைப்பதை. சம்பளத்தில் கை வைக்கவில்லை. பெல்ஜியம் 2022-ல் கொண்டுவந்ததோ, இருக்கிற மணி நேரத்தை அப்படியே நான்கு நாளுக்குள் அடைப்பது. உங்களிடம் பேசுவது இந்த இரண்டாவது வகை. இரண்டுக்கும் 'நாலு நாள் வாரம்' என்று ஒரே பெயர் இருப்பதால்தான் இத்தனை குழப்பம்.

இப்போது கூலி. எட்டு மணி நேர டூட்டிக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு நாளைக்கு 3,000. 12 மணி நேர நாளில் எட்டுக்கு மேற்பட்ட நாலு மணி நேரத்தை ஓ.டி. (கூடுதல் நேர வேலை) என்று எடுத்து இரட்டிப்பாகக் கொடுத்தால் நாளுக்கு 1,000, வாரத்துக்கு 4,000. ஓ.டி. இல்லை, ஒன்றரை டூட்டி என்றால் நாளுக்கு 750, வாரத்துக்கு அதே 3,000. 12 மணி நேரத்தையும் 'ஒரு டூட்டி' என்று கான்ட்ராக்டர் எழுதினால் 2,000. கையெழுத்துப் போடும் முன் இந்த மூன்றில் எது என்று கேளுங்கள். சம்பளச் சீட்டில் மாதம் 17 டூட்டி, ஓ.டி. பூஜ்யம் என்று வந்தபிறகு கேட்டால் தாமதம்.

கூலியைவிடப் பெரிய இழப்பு நாள் எண்ணிக்கையில் இருக்கிறது. இதை யாரும் பேசுவதில்லை என்பதால்தான் இந்தப் பதிலையே எழுதுகிறேன். 1981-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நிரந்தரத் தகுதிச் சட்டப்படி 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து பணி செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும். 24 மாதம் என்பது 104 வாரம். வாரம் ஆறு நாள் என்றால் 624 நாள். ஐந்து நாள் என்றால் 520. நான்கு நாள் என்றால் 416. ஒரு நாள்கூட லீவு எடுக்காமல் உழைத்தாலும் 480-ஐத் தொட முடியாது. பழைய தொழில் தகராறு சட்டத்திலும் அதன் இடத்துக்கு வந்த மத்திய அரசின் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் ஓராண்டுத் தொடர் பணிக்கு வேண்டிய 240 நாளும் அப்படித்தான். 52 வாரத்துக்கு நான்கு வீதம் 208 நாள்தான் வரும். பழைய தொழிற்சாலைகள் சட்டத்தில் ஈட்டிய விடுப்புக்கும் 240 நாள் வேண்டியிருந்தது. புதிய தொகுப்பில் அது 180 ஆனதால் அங்கே தப்பிக்கலாம். பணிக்கொடையில், வாரம் ஆறு நாளுக்குக் குறைவாக இயங்கும் நிறுவனத்துக்கு 190 நாள் போதும் என்று இருக்கிறது. ஆனால் ஷிஃப்ட் மாற்றி மாற்றி ஆலை ஏழு நாளும் ஓடினால், "நிறுவனம் இயங்குகிறது, நீதான் நாலு நாள் வருகிறாய்" என்று வாதாட இடம் இருக்கிறது.

இதற்கு வழி உண்டு. சம்பளம் கொடுக்கப்பட்ட ஞாயிறும் விடுமுறையும் 240 நாள் கணக்கில் சேரும் என்று உச்ச நீதிமன்றம் 1985-ல் சொல்லிவிட்டது. 12 மணி நேர நாள் என்றால் மீதி மூன்று நாளும் சம்பளத்துடன் கூடிய விடுமுறை என்று மத்தியத் தொழிலாளர் அமைச்சகமும் புதிய தொகுப்புகள் பற்றிய விளக்கத்தில் சொல்லியிருக்கிறது. ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது ஒரே வரி: "வாரத்தில் மூன்று நாள் சம்பளத்துடன் கூடிய வார ஓய்வு." இது எழுத்தில் இருக்க வேண்டும், சம்பளச் சீட்டிலும் அந்த நாட்கள் ஏற வேண்டும். சூப்பர்வைசர் வாயால் சொல்வது உதவாது. நாள்கூலிக்காரருக்கு வராத நாள் வெறும் ஆப்சென்ட்தான்.

மூன்று நாள் சேர்ந்தாற்போல ஓய்வு நல்லதுதானே, ஊருக்குப் போய் வரலாமே என்று சிலர் சொல்வார்கள். ஊர் தூரமாக இருப்பவர்களுக்கு நல்லதுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் செய்யாற்றிலிருந்து காலை 6 மணி ஷிஃப்டுக்கு வருபவர் நாலே காலுக்குக் கம்பெனி பஸ் ஏற வேண்டும். 12 மணி நேர வேலையும் அதற்கு மேல் அரை மணி இடைவேளையும் முடிந்து வீட்டு வாசலில் இறங்கும்போது இரவு எட்டேகால். வீட்டை விட்டு 16 மணி நேரம். பிரஸ் மெஷினுக்குள் கை விட்டு ஷீட்டை எடுப்பவருக்குக் கடைசி இரண்டு மணி நேர அசதி விரலோடு சம்பந்தப்பட்டது. பழைய சட்டம் ஒரு நாள் வேலையை இடைவேளையோடு பத்தரை மணி நேரத்துக்குள் முடிக்கச் சொன்னது சும்மா இல்லை.

தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் 21-ல் சட்டமன்றத்தில் நிறைவேறிய, தொழிற்சாலைகள் சட்டத்தின் 65ஏ திருத்தம் இந்த வரம்புகளிலிருந்து ஆலைகளுக்கு விலக்குக் கொடுப்பதற்காகத்தான் வந்தது. கூட்டணிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் எதிர்த்ததால் மூன்று நாளில் நிறுத்தி வைத்தார்கள், மே 1-ல் முதல்வர் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். அன்றைக்கும் விவாதம் முழுக்க 12 மணி நேரத்தைப் பற்றித்தான். 416-ஐ யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

கேள்விக்கு நேரடித் தொடர்பில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவரிடம் எட்டுப் பக்க ஆங்கில நியமனக் கடிதத்தை நீட்டி, கடைசிப் பக்கத்தில் கையெழுத்து வாங்குவது இந்த வட்டாரத்தில் வழக்கமாகிவிட்டது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருபவர்கள் நிலை இன்னும் மோசம். தமிழில் ஒரு பக்கச் சுருக்கம் தர என்ன செலவாகும்? இது அநியாயம்.

கடைசியாக, சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும் இன்றிலிருந்தே நாள் கணக்குக்குச் சாட்சி சேருங்கள். கேட் பாஸை இருபுறமும் படம் எடுங்கள். பி.எஃப். பாஸ்புக்கை மாதாமாதம் இறக்கி வையுங்கள். கான்ட்ராக்டர் பெயர் மாறும்போது பழைய யூ.ஏ.என். எண்ணையே (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) கொடுங்கள்; புதிதாக ஒன்று போட்டால் நீங்கள் நேற்றுச் சேர்ந்த ஆளாகிவிடுவீர்கள். பதினொரு மாதம் முடிந்து பத்து நாள் 'பிரேக்' விடச் சொன்னால், சொன்ன தேதியையும் வாட்ஸ்அப் செய்தியையும் அழிக்காதீர்கள். நிரந்தரம் கேட்டு மனுப் போட வேண்டிய இடம் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறை ஆய்வாளரிடம். அவர் முதலில் கேட்பது இந்தக் காகிதங்களைத்தான்.