பதினாறு பொட்டலம்

கேள்வி: பாளையங்கோட்டையில் இருக்கிறேன். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. ஞாயிறுதோறும் எங்கள் நடைக் குழுவோடு ஆற்றங்கரை, கூந்தன்குளம், களக்காடு என்று கிளம்பிவிடுவேன். சர்க்கரை நன்றாகக் குறைந்திருக்கிறது. ஜனவரியில் மூன்று நாள் அகத்தியர் மலைக்குப் போகிறோம். என் மனைவிக்குத்தான் இது பிடிக்கவில்லை. சனிக்கிழமை ஆனாலே முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறாள். குழுவில் பெண்களும் உண்டு. ‘நீயும் வா’ என்றால், முட்டி வலிக்கிறது, அத்தையை யார் பார்ப்பது என்கிறாள். (என் அம்மாவுக்கு 84 வயது, படுக்கையில் இருக்கிறார். தங்கை அம்பையில் இருந்து எப்போதாவது வந்து பார்ப்பாள்.) இத்தனைக்கும் அவள் கட்டித்தரும் புளியோதரைதான் எங்கள் பதினாறு பேருக்கும் மதியச் சாப்பாடு. எல்லோரும் மதினி கைப்பக்குவம் என்று புகழ்கிறார்கள். அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: அண்ணாச்சி, இந்தக் கடிதம் வேறு வேறு ஊரிலிருந்து எனக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. ஒருவருக்குப் பஜனை, இன்னொருவருக்குச் சீட்டு, உங்களுக்கு நடை. நடப்பது நல்லதா என்று நீங்களும் கேட்கவில்லை, நானும் அதற்குள் போகவில்லை. போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, பதினாறு பேருக்குப் புளியோதரை என்று, அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

அது எவ்வளவு வேலை தெரியுமா? முந்தின நாள் சாயங்காலமே புளியை ஊறப்போட்டுக் கரைத்து, எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை காய்ச்ச வேண்டும். விடிவதற்குள் இரண்டு கிலோ அரிசியாவது உதிரியாக வடித்து, தாம்பாளத்தில் கொட்டி ஆறவிட்டு, நல்லெண்ணெய் விட்டுச் சோறு உடையாமல் கிளற வேண்டும். வாழையிலையை அனலில் வாட்டாவிட்டால் மடிக்கும்போது கிழிந்துவிடும். அதனால் பதினாறு இலையையும் ஒவ்வொன்றாக அடுப்பில் காட்டி எடுக்க வேண்டும். விடிகாலையில் நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிறீர்கள் என்றால், மதினி மூன்று மணிக்கே எழுந்திருக்க வேண்டும். எல்லாமே நின்றுகொண்டு செய்கிற வேலை. நடக்க முடியாது என்கிற அதே முட்டியில்தான் நிற்கிறார்.

அந்த முட்டியை டாக்டரிடம் காட்டியதாக ஒரு வார்த்தை இல்லை. உங்கள் சர்க்கரை பற்றி இருக்கிறது. ‘நீயும் வா’ என்று எப்போது கூப்பிட்டீர்கள்? பொட்டலங்கள் பையில் ஏறிய பிறகா? அத்தைக்கு யார் துணை என்று அவர் கேட்டாரே, அதற்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? கடிதத்தில் அது இல்லை. பதில் சொல்லாமல் கூப்பிடுவது கூப்பிட்டதாகாது. அவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வது நடைக்காக இல்லை, அண்ணாச்சி. வங்கி உங்களுக்கு ஓய்வு கொடுத்தது. அவருக்கு ஞாயிற்றுக்கிழமையில் வேலையைக் கூட்டிவைத்தது நீங்கள்.

அப்புறம் அம்மா. இதில் எனக்கு இரண்டாவது பேச்சே கிடையாது. பெற்றவளைப் புரட்டிப் படுக்கவைப்பதும், துடைத்து உடை மாற்றுவதும், மாத்திரை கொடுப்பதும் மகனுடைய கடமை. மருமகள் செய்தால் அது அவள் பெரிய மனசு. ‘ஆம்பளை எப்படி’ என்று இழுக்க வேண்டாம். உங்களைக் கழுவி வளர்த்த கை அது. வரும் ஞாயிற்றுக்கிழமை நடைக்குப் போகாதீர்கள். காலையிலிருந்து ராத்திரி வரை அம்மாவின் கட்டிலருகே நீங்கள் இருங்கள், மதினி இஷ்டப்பட்ட இடத்துக்குப் போகட்டும். தூங்கத்தான் வேண்டும் என்றால் தூங்கட்டும். அதற்கப்புறம் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் உங்கள் முறை. குழுவுக்கு இன்றே சொல்லிவிடுங்கள்: இனிமேல் அவரவர் சாப்பாட்டை அவரவர் கொண்டுவர வேண்டும். இதுவரை சாப்பிட்டவர்களில் ஒருவராவது வீட்டுக்கு வந்து மதினியைப் பார்த்திருக்கிறாரா?

முட்டிக்கு வைத்தியம் பார்த்து, டாக்டர் நடக்கலாம் என்றதும் திருப்புடைமருதூருக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கடனா நதி தாமிரபரணியில் வந்து சேருகிற இடம். நாறும்பூநாதர் கோயில் வாசல் வரை வண்டி போகும். கோபுரத்துக்குள்ளே மரச்சிற்பமும் சுவரோவியமும் உண்டு என்றாலும் அதில் ஏற வேண்டாம், முட்டி தாங்காது. கோயிலை ஒட்டிய மரங்களில் பருவத்தில் கொக்கும் நாரையும் கூடு கட்டியிருக்கும். ஊர்க்காரர்கள் காத்துவந்த பறவைகள் அவை. 2005-ல் அந்த இடத்தை அரசு காப்பகமாக அறிவித்தது. ஆற்றங்கரையில் மருத மர நிழல் இருக்கிறது. அவர் நடக்கிற வேகத்தில் நீங்களும் நடங்கள். உட்கார்ந்தால் நீங்களும் உட்காருங்கள். மத்தியானத்துக்கு ஹோட்டலில் சாப்பிடுங்கள்.

அகத்தியர் மலை 1,868 மீட்டர். கேரளப் பக்கம் இருக்கிற போனக்காட்டிலிருந்து காட்டுக்குள் நடந்து, அதிருமலையில் தங்கி ஏறுகிற மலை. 2019 ஜனவரி வரை அதில் பெண்களை ஏறவிட்டதில்லை. கேரள உயர்நீதிமன்றம் சொல்லித்தான் வழி திறந்தது. உங்கள் வீட்டில் மதினிக்கு வழிவிட எந்த நீதிமன்றமும் வேண்டாம், நீங்கள் மனசு வைத்தால் போதும். உங்கள் உடம்பு அந்த ஏற்றத்துக்குத் தாங்குமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மூன்று நாள் அம்மாவை விட்டுப் போகலாமா என்று மதினியிடம் கேளுங்கள். அவர் மனசார ‘சரி’ என்றால், அம்பையில் இருக்கிற தங்கையை அந்த மூன்று நாளும் வந்து இருக்கச் சொல்லுங்கள். அவளுக்கும் அவர் அம்மாதானே. அந்த போனையும் மதினியைப் பேசவைக்காதீர்கள், நீங்களே பேசுங்கள்.