"அவனவன் செய்தது அவனவனுக்கு": கேளுங்கள், சொல்கிறேன்

வடசென்னையில் ஒரு கல்லூரியில் உளவியல் எடுக்கிறேன். உலகம் நியாயமாகத்தான் நடக்கிறது, அவரவருக்குத் தகுந்ததுதான் கிடைக்கிறது என்ற நம்பிக்கை, அதற்கும் அரசியலுக்கும் உள்ள உறவு, இது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னதுதான் தாமதம், கேள்விகள் குவிந்துவிட்டன. எல்லோருக்கும் ஒரே நீளத்தில் பதில் வராது, கோபிக்காதீர்கள்.

கொருக்குப்பேட்டை மாணவி: சார், இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

நல்ல கேள்விம்மா. மெல்வின் லெர்னர் என்ற அமெரிக்கர், சிம்மன்ஸ் என்பவரோடு சேர்ந்து 1966-ல் வெளியிட்ட ஆய்வு இது. பாடம் கற்கும் ஒரு பெண் தப்பு செய்யும்போதெல்லாம் கரண்ட் ஷாக் வாங்குவதைக் கல்லூரி மாணவிகள் பார்த்தார்கள். (நடிப்புதான், ஆனால் பார்த்தவர்களுக்கு அது தெரியாது.) ஒரு குழுவிடம், நீங்கள் வாக்களித்தால் ஷாக்கை நிறுத்தி அவளுக்குப் பணம் கொடுக்கலாம் என்றார்கள், பெரும்பாலும் எல்லோரும் அப்படியே செய்தார்கள். இன்னொரு குழுவுக்கு அந்த வழி இல்லை, ஷாக் தொடரும் என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் அவள் எப்படிப்பட்டவள் என்று கேட்டால், நிறுத்த முடியாமல் உட்கார்ந்திருந்தவர்கள்தான் அவளை மட்டமாக மதிப்பிட்டார்கள். இதிலும் மோசம் ஒன்று உண்டு. உங்களுக்கு மார்க் கிடைக்கட்டும் என்று அவள் தானாக ஷாக்குக்குச் சம்மதித்ததாகச் சொல்லப்பட்டபோது, அவளைப் பற்றிய மதிப்பு எல்லாவற்றையும்விடக் கீழே போனது.

ஆக, கல் நெஞ்சக்காரர்கள்தான் பாதிக்கப்பட்டவரைப் பழிப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். எதுவும் செய்ய முடியாமல் பார்த்துக்கொண்டிருப்பவர், உலகம் நியாயமானதுதான், அவளிடம்தான் ஏதோ குறை என்று தன் மனசைச் சமாதானப்படுத்தக் கண்டுபிடிக்கும் வழி அது.

எண்ணூர், மீன்பிடித் தொழில்: 2023 டிசம்பர் மழையில் கழிமுகம் பூரா எண்ணெய். வலை, படகு, நண்டு எல்லாம் போச்சு. "அங்க ஏன்பா குடியிருக்கீங்க"ன்னு ஒருத்தர் கேட்டார். அவர் எந்தக் கட்சி?

அண்ணே, கட்சி தெரியாது, மனசு தெரியும். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த அந்த எண்ணெயை நம் ஆட்கள் படகில் நின்று மக்கால் மொண்டு, சாக்கில் ஒற்றி எடுத்ததை வீடியோவில் பார்த்தவர்களில் அவரும் ஒருவராக இருப்பார். அவரால் அதை நிறுத்தவும் முடியாது, நாளைக்குத் தன் தெருவுக்கு வராது என்று சொல்லவும் முடியாது. "நான் அந்த மாதிரி இடத்தில் வீடு எடுக்க மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டால் ராத்திரி தூக்கம் வரும். உங்கள் ஊர் அந்தத் தொழிற்சாலைகளுக்கு முந்தியது என்பதை அவரிடம் சொல்லிப் பாருங்கள். கூடவே நிவாரணத்துக்கு ஒரு கையெழுத்தும் கேளுங்கள். செய்ய ஒரு வேலை இருந்தால் பழிப்பு குறையும் என்பதுதானே அந்த ஆய்வு.

பெரம்பூர்: வலதுசாரிகள்தான் இப்படி நம்புகிறவர்கள் என்று சொல்லிவிடலாமா?

சொல்லிவிட முடியாது. 1975-ல் ரூபின், பெப்லா என்ற உளவியலாளர்கள் இந்த நம்பிக்கையை அளக்கும் கேள்வித்தாளைப் பற்றி எழுதினார்கள். அதிகம் நம்புகிறவர்கள் பழமைவாதம், மதப்பற்று, அதிகாரத்துக்கு மரியாதை ஆகிய பக்கங்களில் சற்று அதிகம் சாய்ந்திருந்தார்கள். 1994-ல் ஜோஸ்ட்டும், செகந்திராபாத்தில் வளர்ந்த மஹ்ஸரின் பானாஜியும் இன்னொரு படி போய், இருக்கிற சமூக அமைப்பால் நஷ்டப்படுகிறவர்களே அதை நியாயப்படுத்துவது உண்டு என்றார்கள். ஆனால் எச்சரிக்கை: சாய்வு என்பது சாய்வுதான். இதை வைத்து எதிர்க்கட்சிக்காரரை மனநோயாளி ஆக்காதீர்கள். பணக்காரர் வீட்டில் ரெய்டு என்றதும் "நல்லா வேணும்" என்று குதிக்கும் இடதுசாரித் தோழருக்கும் இதே நோய் லேசாக உண்டு.

புளியந்தோப்பு: இது கர்மாதானே?

நெருங்கிய உறவு. இரண்டும் ஒன்றல்ல.

மூலக்கடை: கர்மா பற்றி உளவியல் என்ன சொல்கிறது?

மேலே பார்க்கவும்.

திருவொற்றியூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்: ஒரு வரியில் தள்ளிவிடாதீர்கள். பல்லக்கில் போகிறவனையும் சுமக்கிறவனையும் பார்த்தாலே அறத்தின் பயன் தெரியும் என்று வள்ளுவரே சொல்கிறார்.

ஐயா, அது பரிமேலழகர் உரை. அந்த 37-ஆம் குறளுக்கு நேர் எதிராக, பல்லக்கைக் காட்டி அறம் பேசாதே என்று பொருள் சொன்னவர்களும் உண்டு. 169-ஐப் பாருங்கள்: "அவ்விய நெஞ்சத்தான் ஆக்கமும் செவ்வியான் கேடும் நினைக்கப் படும்." பொறாமைக்காரன் வாழ்கிறான், நேர்மையானவன் கெடுகிறான், யோசிக்க வேண்டிய விஷயம் என்கிறார். கணக்கு உதைக்கிறது என்று அவருக்கே தெரிந்திருக்கிறது.

அதே ஐயா: அங்கும் முன்வினை என்றுதான் உரை.

அதைத்தான் நானும் சொல்கிறேன்! இந்தப் பிறவியில் கணக்கு இடிக்கிறது என்றால் மனசு சும்மா இருக்காது, போன பிறவிக் கணக்கைத் திறக்கும். கோவலன் ஒரு தப்பும் செய்யாமல் வெட்டுப்படுகிறான், கேட்கிற நமக்குத் தாங்கவில்லை. மதுராபதித் தெய்வம் வந்து, முற்பிறப்பில் பரதனாக இருந்து சங்கமன் என்ற வணிகனைக் கொல்லக் காரணமானான் என்று சொன்ன பிறகுதான் கதை நகர்கிறது.

அதே ஐயா: அப்படியானால் தெய்வ நம்பிக்கை உள்ளவன் எல்லாம் ஈவிரக்கமில்லாதவனா?

இல்லை, இங்கேதான் சுவாரசியம். யூர்கன் மேஸ் என்ற ஜெர்மானியர் இரண்டாகப் பிரித்துப் பார்த்தார். நடந்ததே தீர்ப்பு என்று நம்புகிறவர்கள் பாதிக்கப்பட்டவரைக் கடுமையாகப் பேசுகிறார்கள். நியாயம் இன்னும் வரவில்லை, பின்னால் வரும் என்று நம்புகிறவர்களிடம் அந்தக் கடுமை இல்லை. "தெய்வம் நின்று கொல்லும்" என்கிற பாட்டி இரண்டாவது ரகம். அந்தப் பாட்டிதான் தீவிபத்தில் குடிசை இழந்த வீட்டுக்குச் சோறு கொண்டு போவாள். நீங்களும் அந்த ரகம் என்றால் நமக்குள் சண்டையே இல்லை ஐயா.

வியாசர்பாடி: கர்மா...

இல்லை. அடுத்தது.

தண்டையார்பேட்டை: வேலை போய் ஆறு மாதம். என் தப்புதான் என்று தோன்றுகிறது. தூக்கமில்லை.

தம்பி, இதற்கு இங்கே பதில் எழுதுவது சரியில்லை. 14416-க்குப் பேசுங்கள், டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம். இன்றைக்கே.

ராயபுரம்: அப்படியானால் இந்த நம்பிக்கையைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரக் கூடாதா?

க்ளாடியா டால்பர்ட் என்பவர் "எனக்கு நியாயம் கிடைக்கும்" என்பதையும் "எல்லோருக்கும் கிடைக்கிறது" என்பதையும் தனித்தனியாக அளந்தார். முதலாவது உள்ளவர்கள் பொதுவாக மனசளவில் தெம்பாக இருக்கிறார்கள். இரண்டாவதுதான் ஏழைகளைப் பற்றிய கறார் கருத்துகளோடு சேர்ந்து வருகிறது. (எது எதற்குக் காரணம் என்று சொல்லவில்லை, திரும்பவும் எச்சரிக்கை.) பரீட்சைக்கு உழைத்தால் பலன் உண்டு என்று உங்கள் மகளிடம் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுப் பையன் ஃபெயிலானதற்கு அதையே காரணமாகச் சொல்லாதீர்கள்.

எருக்கஞ்சேரி: எந்தக் கட்சிக்காரர்களிடம் இது அதிகம், ஒரே வார்த்தையில்?

பெரம்பூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.