பழைய மோட்டோகுரொஸ் பைக்: வாங்க முன் எங்கே தொட்டுப் பார்ப்பது?

கேள்வி: எனக்கு 23 வயது. திருகோணமலை, சாம்பல்தீவு. பல்சர் ஓடித்தான் பழக்கம். நிலாவெளிப் பக்கம் ஒருவர் 2007ஆம் ஆண்டு யமஹா வை.இசட். 250 எஃப். ஒன்றை விற்கிறார். "எஞ்சின் இப்பதான் கட்டினது" என்கிறார். கந்தளாயில் இன்னொருவரிடம் கவாசாகி கே.எக்ஸ். 125 டூ ஸ்ட்ரோக் இருக்கிறது. எதை எடுக்கலாம்? எதைப் பார்த்து வாங்க வேணும்? ட்ராக்கில் ஓட எப்படித் தொடங்குவது?

பதில்: தம்பி, முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டையும் பார்க்காமலே ஒன்றைச் சொல் என்றால் கே.எக்ஸ். 125 என்பேன். ஆனால் பார்க்காமல் வாங்குகிற சாமான் இல்லை இது. எந்த ஆண்டு மொடல் என்று கேட்பதற்கு முன், எங்கே ஓடினது, யார் கையில் இருந்தது என்று கேளுங்கள்.

மோட்டோகுரொஸ் பைக் என்றால் மண் ட்ராக்கில் மேடுகளைப் பாய்ந்து ஓடுகிற ரேஸ் பைக். அதில் கிலோமீற்றர் காட்டும் மீற்றர் கிடையாது. கணக்கெல்லாம் மணித்தியாலத்தில்தான். உங்கள் பல்சர் ஒழுங்காக ஒயில் மாற்றினால் எஞ்சினைத் திறக்காமலே பல்லாயிரம் கிலோமீற்றர் ஓடும். பழைய ஹொண்டா சி.ஆர்.எஃப். 250 ஆர் கைநூலோ பிஸ்டனை 6 ரேஸுக்கு ஒருமுறை, அதாவது ஏறத்தாழ 15 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, மாற்றச் சொல்கிறது. அது ரேஸ்காரரின் கணக்கு. சும்மா ஆசைக்கு ஓடுகிறவர் அதைத் தாண்டியும் ஓடலாம். இருந்தாலும் "வாங்கின நாளிலிருந்து எஞ்சினில் கை வைக்கவே இல்லை" என்று விற்கிறவர் பெருமையாகச் சொன்னால், அந்தப் பெருமைக்கான செலவு உங்கள் தலையில்தான் விழும்.

இன்னொன்று. 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதியைத் தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். ஆகவே இப்போது கைமாறுகிற பழைய ரேஸ் பைக்குகள் பல, கிடைத்த சாமானைப் போட்டுச் சமாளித்து ஓடியவை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. என்ன போட்டுச் சமாளித்தார்கள் என்று தெரிந்துகொண்டு வாங்க வேணும், அவ்வளவுதான்.

இனி நிலாவெளிப் பைக். கடற்கரையில் ஓடியதா என்று நேரே கேளுங்கள். "இல்லை" என்றாலும் நம்ப வேண்டாம், பைக்கே சொல்லும். சீட்டைக் கழற்றி எயர் ஃபில்டரை வெளியே எடுங்கள். பெட்டிக்குள் கொஞ்சம் தூசி இருப்பது வழமை. ஃபில்டருக்குப் பின்னால் காபரேட்டருக்குப் போகிற ரப்பர் குழாய்க்குள் சுண்டுவிரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுத்துப் பாருங்கள். விரல் சுத்தமாக வந்தால் நல்லது. நறநறவென்று மணல் ஒட்டினால், அந்த மணல் எஞ்சினுக்குள்ளும் போயிருக்கிறது. பிஸ்டன், ரிங், சிலிண்டர் மூன்றையும் அது அரைத்திருக்கும். வெளியே எவ்வளவு மினுக்கி வைத்திருந்தாலும் அந்தக் குழாயை யாரும் துடைத்து வைப்பதில்லை.

உப்பு வேறு விதமாகத் தின்னும். ஸ்போக் கம்பிகள் ரிம்மில் பூட்டியிருக்கிற நிப்பிள்களைப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்துக் கிடந்தால் சாவி போட்டுத் திருப்பும்போது உருண்டு போகும், ஸ்போக் இறுக்க ஏலாது. சில மொடல்களில் எஞ்சின் பக்க மூடிகள் மக்னீசியக் கலவையில் செய்தவை. பெயின்ற் உரிந்த இடத்தில் உப்புக்காற்றுப் பட்டால் குழி குழியாக அரித்துவிடும். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் பொடிந்து உதிர்ந்தால் சூடு வெளியேறாது. கச்சான் வீசுகிற ஆனி, ஆடி மாதத்தில் இந்த ஊரில் அதுவே எஞ்சினை முடிக்கப் போதும்.

அடுத்ததாகப் பைக்கை ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சில்லை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக மேலே தூக்குங்கள். ஷொக் அசையத் தொடங்குமுன் "டக்" என்று ஒரு வெற்றாட்டம் கையில் தெரிந்தால் ஷொக்கைப் பின்சில்லுப் பக்கத்தோடு இணைக்கிற லிங்கேஜின் பெயரிங்குகள் போய்விட்டன. கிறீஸ் பூசாமல் உப்புத்தண்ணியில் ஓடிய பைக்கில் அனேகமாக இப்படித்தான் இருக்கும். பெயரிங்கின் விலை பெரிதல்ல. துருப்பிடித்து இறுகிய ஆணியை அடித்துக் கழற்றுகிற வேலைதான் கராஜில் ஒரு பகலைத் தின்றுவிடும். பிறகு முன்சில்லை நிலத்திலிருந்து உயர்த்தி ஹாண்டிலை இடமும் வலமும் திருப்புங்கள். நடுவில் பள்ளத்தில் விழுவதுபோல் ஒரு பிடி தெரிந்தால் தலைப் பெயரிங் மாற்ற வேணும். முன் ஃபோர்க் குழாயில் ஒயில் ஈரம், பல் வளைந்து கொக்கியாகிவிட்ட ஸ்பொக்கட் இவையெல்லாம் கண்ணுக்கே தெரியும். பேரம் பேசப் பயன்படும், பைக்கை வேண்டாமென்று சொல்லக் காரணமாகாது.

"எஞ்சின் இப்பதான் கட்டினது" என்ற வார்த்தைக்கு வருவோம். கட்டின எஞ்சினுக்குச் சாமான் வாங்கிய பில் இருக்கும், கழற்றிய பழைய பிஸ்டன் ஒரு மூலையில் கிடக்கும். இரண்டையும் காட்டச் சொல்லுங்கள். முக்கியமாக, சிலிண்டருக்கு என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். இந்தப் பைக்குகளின் சிலிண்டர் உட்சுவர் நிக்கசில் போன்ற கடினமான பூச்சுப் பூசியது. ஊர் பைக்குகளுக்குச் செய்வதுபோல் லேத்தில் போட்டு உட்துளையைப் பெருப்பித்துப் போர் அடித்தால் அந்தப் பூச்சே போய்விடும். மீண்டும் பூச வேணும், அல்லது உள்ளே இரும்புக் குழாய், அதாவது ஸ்லீவ், அடிக்க வேணும். ஸ்லீவ் அடித்த சிலிண்டர் ஓடாமல் விடாது. ஆனால் ஸ்லீவ் அடித்தது என்று சொல்லி, அதற்கேற்ற விலைக்குத்தான் விற்க வேணும். கிராங்கைப் பார்த்தார்களா என்றும் கேளுங்கள். மேலே புதுப் பிஸ்டன், கீழே தேய்ந்த கொனெக்டிங் ரொட் என்று கட்டிய எஞ்சின் நெடுநாள் நிற்காது.

பார்க்கப் போக முதல்நாளே, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேணும். 2007 வை.இசட். 250 எஃப். ஃபோர் ஸ்ட்ரோக், காபரேட்டர் பைக், ஐந்து டைட்டேனியம் வால்வு. வால்வின் மேற்பூச்சுத் தேய்ந்தால் அது இருக்கையில் புதைந்துகொண்டே போகும், இடைவெளி குறையும், குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆக மறுக்கும். இருபது முப்பது உதை உதைத்துவிட்டு "இது இப்படித்தான், பழகினால் சரி" என்று சொன்னால் வால்வுதான் பிரச்சினை என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஷிம் என்ற சின்னத் தகட்டை மாற்றி இடைவெளியைச் சரிசெய்யலாம். ஆனால் போன தடவையும் ஷிம் போட்டது, இப்பவும் குறைந்துவிட்டது என்றால் வால்வையே மாற்றுகிற நேரம் வந்துவிட்டது. ஓடுகிற எஞ்சினில் வால்வு உடைந்து விழுந்தால் பிஸ்டனும் ஹெட்டும் சேர்ந்து போகும்.

கம்ப்ரஷன் கேஜ் வைத்திருக்கிற மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போவது நல்லது. டூ ஸ்ட்ரோக்கில் அந்த அளவை நம்பலாம். இந்தப் ஃபோர் ஸ்ட்ரோக்கில் உதைக்க இலகுவாக அழுத்தத்தைத் தானே குறைக்கிற ஏற்பாடு உண்டு. கேஜ் குறைவாகத்தான் காட்டும். அதற்குக் காற்று ஏற்றி எங்கே கசிகிறது என்று பார்க்கிற லீக்டவுன் சோதனைதான் சரி. புகையையும் கவனியுங்கள். டூ ஸ்ட்ரோக்கில் ஒயில் கலந்து எரிவதால் தொடக்கத்தில் நீலப்புகை வழமை. ஃபோர் ஸ்ட்ரோக்கில் நீலப்புகை தொடர்ந்து வந்தால் ஒயில் எரிகிறது. எதிலென்றாலும் சூடேறிய பிறகும் வெள்ளைப்புகை இனிப்பு வாசனையோடு வந்தால், ரேடியேட்டர் கூலன்ற் எஞ்சினுக்குள் போகிறது.

கே.எக்ஸ். 125 என்று நான் சொன்னதற்குக் காரணம் இதுதான்: டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் ஹெட்டில் வால்வு இல்லை, கேம் இல்லை. பிஸ்டன் மாற்றுவது நல்ல கராஜில் அரைநாள் வேலை, ஒருதடவை பார்த்தால் நீங்களே செய்யலாம். பழக இலகு என்றால் 250 எஃப். தான், கீழ் ஆர்.பி.எம்.மிலேயே இழுக்கும், பல்சர் ஓடிய கைக்குப் பழகியதுபோல் இருக்கும். 125 அப்படி இழுக்காது. கிளட்ச்சைப் பிடித்து விட்டு, எஞ்சினை அலற வைத்து ஓட வேணும். முதல் சில வாரம் எரிச்சல் வரும். எஞ்சின் விட்டுக்கொடுத்தால் வருகிற பில்லை நினைத்தால் அந்த எரிச்சல் பரவாயில்லை. ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: பெற்றோலில் டூ ஸ்ட்ரோக் ஒயில் கலக்க வேணும். 32க்கு 1 என்றால் 5 லீற்றருக்கு ஏறத்தாழ 156 மில்லிலீற்றர். அளவுக் குப்பி ஒன்று வாங்குங்கள். கண்மட்டத்தில் ஊற்றிப் பிஸ்டன் இறுகிய பைக்குகள் எத்தனையோ கராஜுக்கு வருகின்றன.

பத்திர விஷயம். ரேஸ் பைக்குகள் பலவற்றுக்குப் பதிவு இராது, ஹெட்லைட் இராது. வீதியில் ஒரு சந்திவரை கூட ஓட்டிப் போக முடியாது. அதனால் சுங்கப் பத்திரம் அல்லது முந்தைய கைமாற்றுப் பத்திரத்தைக் கேட்டு, ஹாண்டிலுக்குக் கீழே சட்டத்தின் கழுத்தில் அடித்திருக்கிற இலக்கத்தோடு ஒப்பிடுங்கள். இலக்கத்தைச் சுரண்டிய, கிரைண்டர் பட்ட அடையாளம் இருந்தால் பேச்சை நிறுத்திவிட்டு வந்துவிடுங்கள். வீதியிலும் ஓட வேணும் என்பது உங்கள் ஆசையானால் மோட்டோகுரொஸ் வேண்டாம். பதிவுள்ள ட்ரெயில் பைக் ஒன்றைப் பாருங்கள். சுசுகி ஜெபல், ஹொண்டா பாஹா போன்றவை இந்த நாட்டில் நிறைய உண்டு.

கையிலிருக்கிற பணம் முழுவதையும் பைக்குக்குக் கொடுத்துவிட வேண்டாம். மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள். அதில் முதலில் வாங்க வேண்டியது மோட்டோகுரொஸ் பூட்ஸ். கணுக்கால்தான் இங்கே முதலில் உடைகிறது. சேர்ட்டும் ஸ்டிக்கரும் பிறகு வாங்கலாம். பிறகு ஹெல்மெட், கொகிள்ஸ், முழங்கால் கவசம், நெஞ்சுக் கவசம், கையுறை. பூட்ஸ் பழையது வாங்கலாம். ஹெல்மெட் மட்டும் புதிதாக இருக்கட்டும். முன்பு விழுந்து அடிபட்டதா என்று வெளியே தெரியாது.

ஓடிப் பழக உப்புவெளி, நிலாவெளிக் கரைதான் உங்களுக்குக் கிட்ட. அங்கே போக வேண்டாம். மணலையும் உப்பையும் பற்றி மேலே சொன்னது ஒரு பக்கம். கரைவலை இழுக்கிற நேரம் கயிறு கரையில் நீளமாக இழுபட்டுக் கிடக்கும். வேகத்தில் வருகிறவன் கண்ணுக்கு அது தெரியாது, தெரிந்தாலும் நிறுத்த ஏலாது. தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் அறுவடை முடிந்து காய்ந்த வயல் நல்ல பள்ளிக்கூடம். சொந்தக்காரரிடம் கேட்டு, வரம்பில்லாத ஒரு துண்டில் இரண்டு பழைய ரயரை வைத்து எட்டுப் போடுங்கள். சீட்டில் இருப்பதைக் குறைத்து, கால் வைக்கிற பெக்கில் எழுந்து நின்று, முழங்காலால் டாங்கை இறுக்கிப் பிடித்து ஓடப் பழகுங்கள். ரயர் காற்று 12 முதல் 14 பி.எஸ்.ஐ. போதும்.

ட்ராக் என்றால், நம் நாட்டில் பெயர்பெற்ற சூப்பர்குரொஸ் போட்டிகள் பல படைத்தரப்பு இடங்களில்தான் நடக்கின்றன: மின்னேரியாவில் கன்னர்ஸ், அனுராதபுரம் சாலியபுரவில் கஜபா, அம்பாறையில் கெவல்ரி, தியத்தலாவையில் ஃபொக்ஸ்ஹில். நினைத்த நாளில் பைக்கை ஏற்றிக்கொண்டு போய் ஓட முடியாது. ஏற்கெனவே ஓடுகிற குழு ஒன்றோடு சேர்ந்து, அனுமதி பெற்ற பயிற்சி நாளில்தான் போக வேணும். ஆகவே முதலில் ஒரு போட்டியைப் பார்க்கப் போங்கள். உங்களுக்குக் கிட்ட மின்னேரியா. பார்வையாளர் தடுப்புக்குப் பின்னால் நில்லுங்கள். 2024 ஏப்ரலில் ஃபொக்ஸ்ஹில்லில் ரேஸ் கார் ஒன்று ட்ராக்கை விட்டுப் பாய்ந்து 7 பேர் இறந்தார்கள். போட்டி முடிந்ததும் பைக்குகளைத் தயார்படுத்துகிற பிட் பக்கம் போய் மெக்கானிக்மாரோடு கதையுங்கள். சாமான் எங்கே கிடைக்கும், யார் நன்றாகக் கட்டுவார், எந்தப் பைக் விலைக்கு வருகிறது எல்லாம் அங்கேதான் தெரியவரும். பைக்கை ஏற்றிப் போகிற நாளில் கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடைப்பட்ட காட்டை இருட்ட முன் கடந்துவிடுங்கள். யானை வீதிக்கு வரும்.

ட்ராக்கில் முதல் நாள், பைக்கை இறக்க முன் ட்ராக்கை ஒருமுறை நடந்து பாருங்கள். முதல் சுற்றுகளில் எந்த ஜம்பிலும் பாய வேண்டாம், ஏறி இறங்கினால் போதும். பாயத் தொடங்குவது மேல்தட்டையான டேபிள்டொப்பில் இருக்கட்டும், தூரம் குறைந்தாலும் தட்டில்தான் இறங்குவீர்கள். டபிள் என்றால் நடுவில் பள்ளமுள்ள இரண்டு மேடு, அதில் குறைந்தால் எதிர்மேட்டில் மோதுவீர்கள். மஞ்சள் கொடி அசைத்தால் முன்னே யாரோ விழுந்து கிடக்கிறார்: வேகத்தைக் குறைக்க வேணும், பாயவும் முந்தவும் கூடாது. நீலக்கொடி காட்டினால் வேகமானவர் பின்னால் வருகிறார். அப்போது பயந்து ஓரத்துக்கு வெட்ட வேண்டாம், உங்கள் கோட்டிலேயே போங்கள். அவர் பார்த்து முந்துவார். பத்து நிமிடத்தில் முன்னங்கை கல்லாக இறுகும், பிரேக்கை விரல் பிடிக்காது. அதோடு வெளியே வந்து தண்ணி குடித்து, ஸ்போக்குகளை ஒவ்வொன்றாகத் தட்டி இளகியதை இறுக்குங்கள். வீட்டுக்கு வந்த அன்றிரவே ஃபில்டரைக் கழுவிக் காயப்போட்டு, ஃபில்டர் ஒயில் பூசிப் பூட்டிவிடுங்கள்.